சிவித்தா: ஓர் இத்தாலியக் குன்றூரின் வரலாறும் நிலமும்

நகரங்களின் வீழ்ச்சிக்குப் போரையும் கொள்ளைநோயையும் காரணங்காட்டுவது வரலாற்று நூல்களின் வழக்கம். மண்ணைக் காரணங்காட்டுவோர் சிலரே. மத்திய இத்தாலியில், உரோமுக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில், பொல்சேனா ஏரிக்கும் தைபர் பள்ளத்தாக்குக்கும் இடையே குன்றொன்றின் உச்சியில் அமைந்த சிவித்தாவின் வரலாற்றை அதன் மண்ணை விடுத்து விளங்கிக்கொள்ள இயலாது.

இக்குன்று இரு படைகளாலானது. அடியில் இருப்பது, பண்டு கடலடியிற் படிந்த களிமண். மேலே இருப்பது, பொல்சேனாப் பகுதி எரிமலைகள் கக்கிய சாம்பல் இறுகியுண்டான பாறை. செங்குத்தான இப்பாறை பகைவர் ஏறுதற்கு அரியது, குடைதற்கோ எளியது. எத்துருஸ்கர் ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முன்னர் இதனைத் தேர்ந்து குடியேறியமை வியப்பன்று. ஆயின் குன்றின் இருமருங்கும் ஓடும் கியாரோ, தொர்பிதோ என்னும் ஓடைகள் அடிக் களிமண்ணை இடையறாது அரிக்கின்றன. (முன்னதன் பெயர் தெளிந்தது என்றும் பின்னதன் பெயர் கலங்கியது என்றும் பொருள்படும்.) மழையில் ஊறி இளகியும் வெயிலிற் காய்ந்து வெடித்தும் களிமண் சரிய, தாங்குதளம் இழந்த பாறைவிளிம்பு பிளந்து வீழ்கின்றது, அதன்மேல் நின்ற வீடுகளும் வீழ்கின்றன. 13ஆம் நூற்றாண்டுப் பேரறிஞர் புனித பொனவெந்தூரா பிறந்த வீடும் இவ்வாறே மறைந்தது என்பர்.

1695 யூனில் நிகழ்ந்த புவிநடுக்கமே சிவித்தாவை அழித்தது எனப் பலரும் எழுதுவர். இக்கூற்று முழுமையானதன்று. நடுக்கம் கட்டடங்களைத் தகர்த்தது உண்மையே. ஆயினும் அதன்பின் மேற்றிராணியாரும் நகராட்சியும் அயலிலிருந்த ரோத்தா என்னும் புறநகருக்குப் பெயர்ந்தமையே பெருந்திருப்பம் எனல் வேண்டும். அதிகாரம் சென்றவழி மக்களும் படிப்படியாகச் சென்றனர். ரோத்தாவே இன்றைய பஞ்ஞோரேஜோ. 'நகர்' என்று பொருள்படும் சிவித்தா என்னும் பெயர் மட்டும் பழைய குன்றிலே தங்கிவிட்டது. இரண்டையும் இணைத்த நிலத்தொடர்பும் காலப்போக்கில் அரிப்புண்டு போயிற்று. 1965இல் அமைக்கப்பட்ட, ஏறத்தாழ 300 மீற்றர் நீளமான நடைபாலத்தின் வழியாகவே இன்று ஊருக்குள் செல்கின்றனர்.

பஞ்ஞோரேஜோவிற் பிறந்த எழுத்தாளர் பொனவெந்தூரா தெக்கி (1896–1968) சிவித்தாவைச் 'சாகும் ஊர்' என்றார். அத்துயரத் தொடர் பின்னர் உல்லாசப் பயணிகளை அழைக்கும் விளம்பரமாகிவிட்டமை விந்தையே. 2013இல் நுழைவோரிடம் 1.50 யூரோ கட்டணம் அறவிடத் தொடங்கினர். அதன்பின்னரும் வருவோர் தொகை பெருகி இலட்சக்கணக்காயிற்று. நிரந்தரமாக வாழ்வோரோ இருபதின்மரிலும் குறைவு. உருக்குக் கம்பிகளைப் பாறையுட் செலுத்திச் சரிவைத் தாமதப்படுத்தப் பொறியியலாளர் முயன்று வருகின்றனர். பாறை நிலைத்தாலும் குடிகள் மீள்வரா என்னும் வினா அவர்தம் துறைக்குரியதன்று. ஊரின் பழைய மாளிகையொன்றில் இப்போது நிலவியலுக்கும் மண்சரிவுக்குமென ஓர் அருங்காட்சியகம் இயங்குகின்றது.