ஜீப் சொகுசு வண்டியான கதை

எங்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு, இப்போது அமெரிக்காவில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். “சார், குடும்பத்துக்கு ஒரு வண்டி வாங்க வேண்டும். நடுத்தர அளவுள்ள சொகுசு எஸ்.யு.வி.தான் வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். புதிதாக வாங்கினால் சாதாரண மாதிரிதான் கைக்கு எட்டும். பழையது என்றால் அதே பணத்தில் தோல் இருக்கை, பெரிய எஞ்சின் எல்லாம் கிடைக்கும். எதை வாங்கலாம்?” சைக்கிளில் கல்லூரிக்குப் போய்வரும் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது? ஆனாலும் மாணவர் கேட்டுவிட்டார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான், இந்த வண்டிகளின் வரலாறு முழுவதுமே முதலாண்டு வகுப்பில் நாம் செய்யும் ஒரு சிறு சோதனைக்குள் அடங்கிவிடுவதைக் கண்டேன்.

அந்தச் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு பலகையின் மீது உப்புத்தாள் ஒட்டி, அதன் மேல் ஒரு தீப்பெட்டியைப் படுக்கை வாட்டில் வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். பெட்டி நெடுநேரம் கவிழாது. பெரும்பாலும் சறுக்கத்தான் செய்யும். அதே பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தி உயர்த்தினால் சிறு சாய்விலேயே கவிழ்ந்துவிடும். பெட்டியின் எடை மாறவில்லை. அதன் ஈர்ப்பு மையத்தின் உயரமும் அடித்தளத்தின் அகலமுமே மாறின. ஈர்ப்பு மையத்திலிருந்து இறக்கிய செங்குத்துக்கோடு அடித்தளத்தை விட்டு வெளியேறும் கணத்தில் பொருள் கவிழ்கிறது.

வண்டிக்கும் இதே கணக்குத்தான். இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தொலைவில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். இதை நிலைச் சமநிலை எண் என்று கூறலாம். சக்கரங்களுக்கிடையே 150 செ.மீ. அகலமும், 55 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும் கொண்ட காருக்கு இது 1.36. அகலம் மாறாமல் ஈர்ப்பு மையம் மட்டும் 70 செ.மீ. உயரத்துக்குப் போனால் 1.07. இந்த எண்ணைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால், எவ்வளவு பக்கவாட்டு முடுக்கத்தில் வண்டி கவிழத் தொடங்கும் என்பது தெரியும். 15 செ.மீ. உயரத்துக்கு இவ்வளவு விலை!

அப்படியானால் அந்த உயரம் எங்கிருந்து வந்தது?

போர்க்களத்தில் பிறந்தது

1940ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவம் 135 தொழிலகங்களுக்கு ஓர் அழைப்பு விடுத்தது. நான்கு சக்கரங்களும் இயங்கும் சிறு உளவு வண்டி ஒன்று வேண்டும். முதல் மாதிரியை 49 நாட்களில் தர வேண்டும். அமெரிக்கன் பேன்டம் என்ற சிறு நிறுவனம் கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரை அமர்த்தி, செப்டம்பர் 23 அன்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்களே பெரும் எண்ணிக்கையில் அதைச் செய்தன. போர் முடிவதற்குள் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்கள் உருவாயின. பேன்டத்துக்குப் பேரும் மிஞ்சவில்லை, பணமும் மிஞ்சவில்லை.

ஜீப்பின் அமைப்பைச் சற்று உற்றுப் பார்ப்போம். முன்னும் பின்னும் இரும்புக் குழாய் போன்ற ஒரே அச்சு. அச்சின் நடுவே, உருண்டையான உறைக்குள் வேறுபாட்டுப் பற்சக்கரத் தொகுதி. பணிமனைகளில் இதை டிஃபரன்ஷியல் என்பார்கள். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகத் தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் செல்ல வேண்டுமல்லவா? அந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்வது இதுதான். கல்லிலும் சேற்றிலும் முதலில் இடிபடுவதும் இந்த உருண்டையே. ஆகவே பெரிய சக்கரங்களைப் போட்டு அதைத் தரையிலிருந்து உயர்த்தினார்கள். அச்சு மேலும் கீழும் ஆட இடம் விட்டு, அதற்கு மேலே ஏணி போன்ற சட்டம். சட்டத்தின் மேலே எஞ்சின். அதற்கும் மேலே ஆட்கள். மாடியின் மேல் மாடி கட்டியது போல ஈர்ப்பு மையம் ஏறிக்கொண்டே போனது. போர்க்களத்தில் மெதுவாகச் செல்லும் வண்டிக்கு இது பெரிய குறையன்று.

1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் இங்கிலாந்தின் லேண்ட் ரோவர் வெளிவந்தது. போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால் அதன் உடல் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. அதுவும் உழவருக்கான வண்டியே; சொகுசு என்ற பேச்சே அதில் இல்லை.

சொகுசின் முதல் படி 1962ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ஜீப் வேகனீர். நான்கு சக்கர இயக்கத்தோடு தானியங்கிப் பற்சக்கரப் பெட்டியும் அதில் கிடைத்தது. இரண்டாம் படி, 1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான ரேஞ்ச் ரோவர். என் கணிப்பில் இதுவே உண்மையான திருப்புமுனை.

பழைய ஜீப்பில் முன் அச்சையும் பின் அச்சையும் இணைத்துவிட்டால் இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும். ஆனால் திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்கின்றன. சேற்றில் சக்கரம் வழுக்கி இந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்காது. முறுக்கம் முழுவதும் அச்சுத் தண்டுகளில் ஏறும். எனவே நல்ல சாலைக்கு வந்ததும் ஓட்டுநர் ஒரு நெம்பைத் தள்ளி முன் அச்சை விடுவிப்பார். ரேஞ்ச் ரோவரில் இரு அச்சுகளுக்கும் நடுவே மூன்றாவது டிஃபரன்ஷியல் ஒன்று இருந்தது. ஆகவே எந்தச் சாலையிலும் நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கலாம். பட்டைவில்லுக்குப் பதில் சுருள்வில், நான்கு சக்கரங்களிலும் தட்டு பிரேக், எட்டு உருளை எஞ்சின். சேற்றிலும் போகும், நெடுஞ்சாலையிலும் விரையும். ஆனால் உயரம் மட்டும் அப்படியே இருந்தது. இப்போது அந்த உயரம் வேகத்தோடு சேர்ந்துவிட்டது.

சட்டம் செய்த வேலை

இவ்வகை வண்டிகள் அமெரிக்கக் குடும்பங்களின் வாசலுக்கு வந்ததில் ஒரு சட்டத்துக்கும் பங்குண்டு. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1975ஆம் ஆண்டில் வண்டிகளின் எரிபொருள் சிக்கனத்துக்கு வரையறை விதித்தார்கள். 1990களில் கார்களுக்குச் சராசரி காலனுக்கு 27.5 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 11.7 கி.மீ. இலகு சரக்கு வண்டிகளுக்கோ 1996 முதல் காலனுக்கு 20.7 மைல்தான். எஸ்.யு.வி. எந்தக் கணக்கில் சேரும்? சரக்கு வண்டிக் கணக்கில்! உழவருக்காக விட்ட சலுகையில் தோல் இருக்கைகள் ஏறி அமர்ந்தன. கூரையின் வலிமை பற்றிய விதியும் இப்படியே. கார்களுக்கு 1973இல் வந்த அது, இவ்வண்டிகளுக்கு 1990களில்தான் வந்தது.

1990ஆம் ஆண்டில் வெளியான ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் நடுத்தர அளவு வண்டிகளில் பெருவெற்றி பெற்றது. சரக்கு வண்டியின் ஏணிச் சட்டத்தின் மீது குடும்பக் காரின் உடலை ஏற்றிய வண்டி அது. பத்தாண்டுகள் கழித்து அதன் பெயர் வேறு காரணத்துக்காக உலகெங்கும் அடிபட்டது.

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. டயரின் மேற்பட்டை ஓடும்போதே உரிந்து போயிற்று. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கில் இறந்தவர் 271 பேர். பெரும்பாலோர் எக்ஸ்ப்ளோரரில் சென்றவர்கள். வண்டி நிறுவனம் டயரைக் குறை கூறியது. டயர் நிறுவனம் வண்டியைக் குறை கூறியது. ஏறத்தாழ நூறாண்டு உறவு 2001ஆம் ஆண்டில் அறுந்தது.

இதில் இயற்பியல் என்ன சொல்கிறது? ரப்பரை வளைத்து விட்டால், வளைக்கச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிறது. டயரில் காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளையும், வெப்பமும் மிகும். வண்டி நிறுவனம் பரிந்துரைத்த காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு. டயர் நிறுவனம் பின்னர் 30 வேண்டும் என்றது. டெக்ஸாஸ், ஃப்ளோரிடா போன்ற வெப்பமான மாநிலங்களில் விபத்துகள் குவிந்ததற்கு இதிலிருந்தே காரணம் புரியும். பின்சக்கரத்தின் பட்டை உரிந்ததும் பின்பக்கம் பிடிப்பை இழந்து ஒதுங்குகிறது. ஓட்டுநர் பதறி ஸ்டியரிங்கை வெட்டுகிறார். வண்டி பக்கவாட்டாகத் திரும்பிக்கொண்டு சாலையோரத்துக்குச் செல்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தார்ச்சாலையில் டயரின் உராய்வு எண் பொதுவாக 1ஐவிடக் குறைவு. வண்டியின் சமநிலை எண் 1.07 என்றால், கவிழுமுன் அது சறுக்கிவிட வேண்டுமே! உண்மைதான். பெரும்பாலான வண்டிகள் வெறும் சாலையில் கவிழ்வதில்லை. சறுக்கிச் செல்லும் சக்கரம் ஓரத்து மண்ணில் புதைந்தோ, நடைபாதை விளிம்பில் தட்டியோ நிற்கும்போதுதான் கவிழ்கின்றன. காலைத் தட்டிவிட்டால் மனிதன் விழுவது போல என்க.

2001 முதல் அமெரிக்க அரசு இந்தச் சமநிலை எண்ணையே அளவுகோலாக்கி வண்டிகளுக்கு நட்சத்திரங்கள் வழங்கலாயிற்று. 1.45ம் அதற்கு மேலும் ஐந்து நட்சத்திரம், 1.03ம் அதற்குக் கீழும் ஒன்றே ஒன்று. பெரும்பாலான கார்கள் 1.30க்கும் 1.50க்கும் இடையில் இருந்தன, எஸ்.யு.வி.க்கள் 1.00 முதல் 1.30 வரை. தீப்பெட்டிச் சோதனை அரசாங்க முத்திரை பெற்றது என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள்.

உயரம் இறங்குகிறது

இதற்கிடையே வேறொரு வழியும் திறந்திருந்தது. ஏணிச் சட்டத்தை விட்டுவிட்டு, கார் போல உடலையே சட்டமாகக் கட்டுவது. டிஃபரன்ஷியலை அச்சிலிருந்து பிரித்து உடலோடு பிணைத்து, மூட்டுள்ள தண்டுகளால் சக்கரங்களைச் சுழற்றினால் தளம் தாழ்ந்து வரும். 1997இல் ஜப்பானில் டொயோட்டா ஹாரியர் என்ற பெயரிலும், 1998இல் அமெரிக்காவில் லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 300 என்ற பெயரிலும் வந்த வண்டி இவ்வகையே. 1999இல் பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 வந்தது. அதே காலத்து மெர்சிடஸ் எம் வகுப்பு வண்டி ஏணிச் சட்டத்தில்தான் இருந்தது. 2005இல் வந்த அடுத்த தலைமுறையில்தான் அது மாறியது. எக்ஸ்ப்ளோரரும் 2011 மாதிரியில் ஏணியைக் கைவிட்டது.

இரண்டாவது மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. 1995இல் மெர்சிடஸ் வண்டியில் பாஷ் நிறுவனத்துடன் சேர்ந்து ஒரு கருவியை அமைத்தார்கள். வண்டி தன் செங்குத்து அச்சைப் பற்றி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை ஓர் உணர்வி அளக்கிறது. அதிரும் சிறு பொருளின் மீது தோன்றும் கோரியாலிஸ் விசையே இதற்கு அடிப்படை. ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை இன்னோர் உணர்வி அளக்கிறது. இரண்டும் பொருந்தாவிட்டால், கணிப்பொறி ஒரே ஒரு சக்கரத்தின் பிரேக்கை மட்டும் அழுத்தும். இடப்பக்கத் திருப்பத்தில் பின்பக்கம் ஒதுங்கினால் வலப்பக்க முன்சக்கரத்துக்குப் பிரேக். அது வண்டியை எதிர்த்திசையில் திருப்பி நேராக்கும். வண்டி பக்கவாட்டில் சறுக்காவிட்டால் ஓரத்து மண்ணில் தட்டுப்படவும் வாய்ப்பில்லை. 2002இல் வெளிவந்த வால்வோ எக்ஸ்சி90 இன்னும் ஒரு படி மேலே போய், வண்டி பக்கவாட்டில் சாயும் வேகத்தையும் ஒரு சுழல் உணர்வியால் அளந்தது.

இதன் பயன் வியப்பூட்டுவது. இக்கருவியால் எஸ்.யு.வி.க்கள் தனியாக மோதும் விபத்துகள் 59 சதவீதமும், அவை கவிழும் விபத்துகள் 84 சதவீதமும் குறையும் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2007இல் மதிப்பிட்டது. 2012 மாதிரி முதல் எல்லா இலகு வண்டிகளிலும் இது கட்டாயமாயிற்று. கூரை வலிமை விதியும் 2009இல் திருத்தப்பட்டது. 6,000 பவுண்டு வரையுள்ள வண்டிகளின் கூரை, வண்டி எடையைப் போல் 3 மடங்கைத் தாங்க வேண்டும் என்றார்கள். முன்பு அது 1½ மடங்குதான்.

ஆகவே மாணவருக்கு நான் எழுதியது இதுதான்: புதியதா பழையதா என்பதைவிட எந்த ஆண்டுப் பழையது என்று கேளுங்கள். 2012க்கு முந்திய வண்டியானால் சறுக்கலைத் தடுக்கும் கருவி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தோல் இருக்கை எவ்வளவு மென்மையாக இருந்தாலும் வேண்டாம். பழைய வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணை எழுதிக்கொண்டு, சரிசெய்யாமல் விட்ட குறைகள் உண்டா என்று பாதுகாப்புத் துறையின் பட்டியலில் தேடுங்கள். 2014 முதல் அந்த வசதி இருக்கிறது. தக்காட்டா நிறுவனத்தின் காற்றுப்பை விவகாரத்தில் மட்டும் அமெரிக்காவில் சுமார் 6.7 கோடி காற்றுப்பைகள் திரும்பப் பெறப்பட்டன. வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து கெட்டுப்போகும் இரசாயனம் அதில் இருந்தது. பழைய வண்டி வாங்குபவருக்குத்தான் அது கூடுதல் அபாயம். கூரைமேல் சுமை ஏற்றினால் ஈர்ப்பு மையமும் ஏறும் என்பதையும் சேர்த்து எழுதினேன். பெட்டிகளைக் கூரையில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவதில் அவருக்கு ஆசை உண்டு.

டயரைப் பற்றியும் எழுதினேன். 2000 முதல் டயரின் பக்கச் சுவரிலுள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டையில் தடங்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் முதுமையடைந்திருக்கலாம்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. 2014 மாதிரி வண்டி ஒன்றைப் பார்த்திருக்கிறார். ஓடும் நான்கு டயர்களும் புதியவை. பின்பெட்டியைத் திறந்து, கம்பளத்தைத் தூக்கி, பளபளவென்று இருந்த மாற்று டயரைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அதில் 4713 என்று இருந்ததாம். அதை மாற்றித் தந்தால்தான் பேச்சு என்று விற்பவரிடம் சொல்லிவிட்டு வந்ததாக எழுதியிருந்தார்.