ஆலயமும் ஆதுலசாலையும்

திருக்கோயில் உயிர்ப்பிணி தீர்க்கும் இடம். உடற்பிணி தீர்க்கும் இடமாகவும் அதனை நம் முன்னோர் போற்றினர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயிற் சுவரில் உள்ள வீரராசேந்திர சோழரின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இதற்குச் சான்றாகும்.

கோயிலைச் சார்ந்து ‘வீரசோழன்’ என்னும் ஆதுலசாலை நடைபெற்றது. நோயாளர் 15 பேர்க்கு இடம், நாள்தோறும் பேருக்கு நாழி அரிசி, மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை என்னும் அறுவை செய்வார் ஒருவர், மருந்திட்டுப் பேணும் பெண்டிர் இருவர், ஓராண்டுக்கு வேண்டும் மருந்துகள், இரவில் எரிய விளக்கொன்று. நள்ளிரவில் நோயாளர் இருளில் வருந்தலாகாது என எண்ணி, அவ்விளக்கின் எண்ணெய்க்கும் நிவந்தம் வகுத்த கருணையை என்னென்பது!

ஒருநாள் ஈகையன்று அது. ஆண்டுதோறும் தொடருமாறு அமைத்த அறம். குடமுழுக்குக் கண்டு மகிழும் அன்பர்காள்! கோபுரம் எழுந்தது. அதன் நிழலில், ஏழைக் குடும்பங்கட்கு மருந்தும் கஞ்சியும் என்றும் வழங்கும் கட்டளையொன்றும் எழுக.