அரியணை இல்லாத கரை

வரலாற்றைக் களமாகக் கொண்ட கணினி விளையாட்டுகளைப் பற்றி எழுத முனைந்தால், "உமக்கேன் இந்தப் பிள்ளை விளையாட்டு?" என்று என் வயதொத்த நண்பர்கள் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. இராஜேந்திர சோழனையோ கோட்டை இராச்சியத்தையோ பாடநூலில் படிப்பதற்கு முன்பே கணினித் திரையில் சந்திக்கும் ஒரு தலைமுறை நம் வீடுகளில் வளர்ந்துவிட்டது. அவர்களுடைய மனத்தில் பதியும் உலக வரைபடம் எது, அதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது வரலாற்றில் அக்கறையுள்ள எவரும் கேட்க வேண்டிய கேள்வி.

இவ்வகை வியூக விளையாட்டுகள் ஒரே தடவையில் முடிந்துவிடுவதில்லை. மூல விளையாட்டு வெளியான பின்னர், புதிய நாடுகள், புதிய படைகள், புதிய கதைகள் அடங்கிய விரிவாக்கத் தொகுப்புகள் தனித்தனியே விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் ஆடுபவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று கவனித்தால், மூன்று கோரிக்கைகள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். "எங்களையும் சேருங்கள்" என்பது முதலாவது. "எங்களை மற்றவரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்" என்பது இரண்டாவது. "எங்கள் வழியில் எங்களை ஆடவிடுங்கள்" என்பது மூன்றாவது. வரலாற்று நூல்களை நோக்கிச் சிறு சமூகங்கள் காலங்காலமாக விடுத்துவரும் கோரிக்கைகளும் இவையே.

'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்' விளையாட்டின் இரண்டாம் பாகம் 1999இல் வெளியானது. இடைக்கால உலகைப் பற்றிய அந்த விளையாட்டில் இந்தியர் எவரும் இருக்கவில்லை. 2000இல் வந்த விரிவாக்கம் அஸ்டெக்குகள், மாயர்கள், ஹூணர்கள், ஸ்பானியர்கள், கொரியர்கள் ஆகியோரைச் சேர்த்தது. இந்தியா அப்போதும் இல்லை. ஆண்டுகள் பல கழிந்தும் புதிதாக எதுவும் வராத நிலையில், இரசிகர்கள் சிலர் தாமே கூடி ஒரு விரிவாக்கத்தை உருவாக்கினார்கள். அது 2013இல் உரிமையாளரான நிறுவனத்தின் அங்கீகாரத்தோடு வெளியாயிற்று. இந்தியர்கள் அதில்தான் முதன்முதலாக இடம்பெற்றார்கள். வாசகர்களே எழுதிச் சேர்த்த அத்தியாயம் என்று அதைச் சொல்லலாம்.

ஆயினும், 'இந்தியர்' என்ற ஒரே பெயருக்குள் சோழனும் வங்கப் பாலனும் தில்லிச் சுல்தானும் அடைக்கப்பட்டார்கள். ஒட்டகப் படைதான் அவர்களுடைய சிறப்பு. காவிரிப்பூம்பட்டினத்துக் கரையில் ஒட்டகத்துக்கு என்ன வேலை? இந்த முறைப்பாட்டுக்கு விடை 2022 ஏப்ரலில் வந்தது. இந்திய அரச வம்சங்களுக்கான அந்த விரிவாக்கம், பழைய இந்தியரை 'இந்துஸ்தானியர்' என்று பெயர் மாற்றி, வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் என்ற மூவரைப் புதிதாகச் சேர்த்தது. திராவிடருக்குச் சுருள்வாள் வீரனும் 'திரிசடை' என்னும் போர்க்கப்பலும் கிடைத்தன. மீன்பிடியிலும் துறைமுகத்திலும் அவர்களுக்கு அனுகூலங்கள் வழங்கப்பட்டன. இராஜேந்திரனின் கதையும் தனியே ஆடத் தரப்பட்டது. நிலமும் தொழிலும் ஆட்டத்தின் போக்கையே மாற்றும்படி அமைத்தது நல்ல முன்னேற்றம். ஆனால் 'திராவிடர்' என்பதும் ஒரு மூட்டைதான். அது ஒரு மொழிக்குடும்பத்தின் பெயர். தமிழர், கன்னடர், தெலுங்கர், மலையாளிகள் எல்லோரையும் அதற்குள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

இதே விளையாட்டுக்கு 2025 மே மாதம் சீனத்தை மையமாகக் கொண்ட விரிவாக்கம் ஒன்று வந்தபோது எழுந்த சர்ச்சை இன்னும் சுவையானது. திபெத்தியரையும் தங்குத்தியரையும் எதிர்பார்த்திருந்தவர்களுக்கு வேய், ஷூ, வூ என்ற மூன்று இராச்சியங்கள் கிடைத்தன. மூன்றும் மூன்றாம் நூற்றாண்டுக்குரியவை, நெடுநாள் நீடிக்காதவை. "நாங்கள் கேட்டது மக்களை, நீங்கள் தந்ததோ அரசுகளை" என்பதே பலருடைய ஆட்சேபத்தின் சாரம். ஒரு மக்கள் கூட்டமும் ஓர் அரசும் ஒன்றல்ல என்ற பாடத்தை, பல்கலைக்கழக வகுப்பறைக்கு வெளியே, ஒரு விளையாட்டின் இரசிகர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.

'குருசேடர் கிங்ஸ்' என்ற விளையாட்டின் இரண்டாம் பாகம் இதை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. 2012இல் அது வெளியானபோது முஸ்லிம் ஆட்சியாளர்கள் வரைபடத்தில் இருந்தார்கள்; ஆனால் அவர்களைத் தெரிவுசெய்து ஆட முடியாது. அதே ஆண்டில் வந்த முதல் விரிவாக்கமே அந்தக் கதவைத் திறந்தது. 2013இல் வெனிஸ், ஜெனோவா போன்ற வணிகக் குடியரசுகளுக்கு வழி பிறந்தது. 2014இல் வரைபடம் இந்தியாவரை நீண்டு இலங்கையையும் தொட்டது. சுல்தானாக ஆடலாம், வெனிஸ் வணிகனாக ஆடலாம், இந்து அரசனாகவும் ஆடலாம். ஆடுபவர் கேட்கக் கேட்க உலகம் விரிந்தது உண்மை.

என் சகோதரியின் மகன் இவ்விளையாட்டுகளில் ஊறியவன். "மாமா, இதுல நம்மட ஊரு எங்க கிடக்கு?" என்று ஒருமுறை கேட்டான். 'யூரோப்பா யூனிவர்சாலிஸ்' நான்காம் பாகத்தின் வரைபடம் அது. 1444 முதல் 1821 வரையான காலம். கோட்டையும் யாழ்ப்பாணமும் தனித்தனி அரசுகளாக நிற்கின்றன. கிழக்குக் கரையும் இருக்கிறது. ஆனால் அதன் நிறம் எப்போதும் வேறொருவருடைய நிறம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நீளும் இந்தக் கரையின் தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு ஒருபோதும் ஓர் அரசன் இருந்ததில்லை. அரசன் இல்லாதவருக்கு அந்த விளையாட்டில் கொடியில்லை. கொடியில்லாதவருக்கு முறையும் வராது.

ஆனால் அந்த 1444க்கும் 1821க்கும் இடையில்தான் இக்கரையின் வரலாற்றில் பெரும் நிகழ்வுகள் நடந்தன. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றக் கட்டளையிட்டார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்து, ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று குவேறோஸ் பாதிரியாரின் நூல் கூறுகிறது. இரண்டே ஆண்டுகளில், 1628இல், போர்த்துக்கேயர் மட்டக்களப்பிலும் கோட்டை கட்டினார்கள். 1638இல் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தரும் சேர்ந்து அதைக் கைப்பற்றினார்கள். விளையாட்டின் கணக்கில் இவை ஒரு கோட்டை கைமாறிய செய்திகள். வெளியேற்றப்பட்டவர்களோ அந்தக் கணக்கில் ஓர் எண்ணிக்கை மட்டுமே. வெளியேற்றம் எங்கள் சமூகத்துக்கு 1626உடன் முடிந்துபோன அனுபவமும் அன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களுக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். இப்படிப்பட்ட மக்களைப் பிறருடைய நிறத்துக்குள் கரைத்துவிடும் வரைபடத்தைப் பார்த்து வளர்பவன், நாளை "நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" என்று எளிதாகக் கேட்டுவிடுவான்.

அரசன் இல்லை என்பதால் ஒழுங்கு இல்லை என்று பொருளில்லை. இப்பகுதியின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பகிர்ந்துகொண்டவர்கள். குடி தாயிடமிருந்து வருகிறது; வீடு மகளுக்குச் சீதனமாகிறது. கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காரும் குடிகளின் சார்பில் பொறுப்பேற்றார்கள். முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த போரில் முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்று, அதன் வழியே மணவுறவு கொண்டார்கள் என்பது இங்குள்ள மரபுக்கதை. உப்பையும் கருவாட்டையும் பொதிமாடுகளில் ஏற்றி மலைநாட்டுக்குக் கொண்டுசென்ற முஸ்லிம் தவளக்காரர் இல்லாமல், கடலை இழந்திருந்த கண்டியின் அடுப்பு எரிந்திருக்காது.

இக்கரைக்கு ஒரு விரிவாக்கம் வருமானால் அதில் நான் என்ன கேட்பேன்? புதியதொரு வாள்வீரன் வேண்டாம். அரண்மனைக்குப் பதிலாகக் குடியைத் தெரிவுசெய்யும் தொடக்கம் வேண்டும். மகளின் திருமணம் நிலத்தின் போக்கை மாற்ற வேண்டும். பருவக்காற்றும் வயல் நீரும் பொதிமாடும் படையளவுக்குக் கணக்கில் வர வேண்டும். அண்டை ஊரோடு பகைத்தால் அறுவடை குறைய வேண்டும்.

இது நடவாத காரியம் என்று சொல்லிவிட முடியாது. 2025 பெப்ரவரியில் வெளியான 'சிவிலைசேஷன்' ஏழாம் பாகத்தில் சோழர் தம் சொந்தப் பெயரிலேயே இருக்கிறார்கள். அதைவிட என்னைக் கவர்ந்தது, ஒரு நாகரிகத்தை வழிநடத்தும் தலைவர்களுள் ஒருவராக இப்னு பதூதா இருப்பது. 1344இல் இலங்கைக்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த அந்தப் பயணி எந்த நாட்டுக்கும் மன்னராக இருந்தவரல்லர். முடியில்லாத ஒருவரையும் தலைவராக ஏற்கலாம் என்று விளையாட்டுச் செய்வோர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அடுத்த படி, முடியில்லாத ஒரு மக்கள் கூட்டத்தை ஏற்பது.

அப்படி ஓர் ஆட்டத்தில் வெற்றி எது என்றும் கேட்கலாம். போர்த்துக்கேயர் 1658இல் இத்தீவை விட்டுப் போனார்கள். ஒல்லாந்தர் 1796இல் போனார்கள். அடைக்கலம் தந்த கண்டி அரசு 1815இல் வீழ்ந்தது. 1821இல் ஆட்டம் முடியும்போது தீவு முழுவதும் பிரித்தானியரின் நிறம். அந்த நிறமும் 1948இல் நீங்கிற்று. கல்முனை அதே இடத்தில் இருக்கிறது.