கரிசல் நாட்டின் நெகட்டிவ்கள்

வரலாற்றுக்குச் சான்றுகள் யாவை என்று வினவினால், கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, அரசாங்கப் பதிவேடு என்று மாணவர்கள் விடையிறுப்பார்கள். அந்த வரிசையில் புகைப்பட நெகட்டிவுக்கும் இடம் உண்டு. ஒளி கருமையாகவும் நிழல் வெண்மையாகவும் மாறிப் பதிந்திருக்கும் அந்தத் தகடே மூலம். அதிலிருந்து தாளில் எடுக்கும் படங்களெல்லாம் படிகளே.

1858இல் காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர் மதுரைக் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் மெழுகூட்டிய காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தார். ஒளி பதிய நெடுநேரம் பிடித்த காலம் அது. ஆதலின் அப்படங்களில் தூணும் கோபுரமும் நிலைத்தன. மக்கள் அரிதாகவே தோன்றினர். பின்னர்க் கண்ணாடித் தகடும், அதன்பின் பிலிமும் வந்தன. சிறு நகரங்களிலும் ஸ்டூடியோக்கள் தோன்றின. எளிய மக்களும் படத்தில் இடம் பெற்றனர்.

கோவில்பட்டியை எடுத்துக்கொள்வோம். பருத்தி விளையும் கரிசல் பூமி. பஞ்சாலையும் தீப்பெட்டித் தொழிலும் வளர்ந்த ஊர். நாட்காட்டித் தெய்வப் படங்களால் புகழ்பெற்ற ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) தங்கி வாழ்ந்ததும் இங்கேதான். ஓவியமும் புகைப்படமும் அக்காலத்தில் உடன்பிறந்த தொழில்கள். நெகட்டிவின் மீது கூரிய பென்சிலால் தொட்டு முகத்தின் தழும்பை மறைப்பது ஸ்டூடியோக் கலைஞரின் திறமை. பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுத்துத் தோன்றும்.

நிலவரிப் பதிவேட்டில் உழவரின் பெயரும் புஞ்சையின் பரப்பும் உண்டு, முகம் இல்லை. தீப்பெட்டி ஒட்டிய பெண்ணுக்கோ அந்தப் பெயர்கூட அங்கே இல்லை. அவள் திருமணக் கோலத்தில் நின்ற நெகட்டிவ் ஒன்றே அவளுடைய ஆவணமாக இருக்கக்கூடும். அந்த ஆவணம் இன்று அழிந்து வருகிறது. வெப்பத்தாலும் ஈரத்தாலும் பழைய அசிட்டேட் பிலிம் காடி நாற்றம் வீசிச் சுருங்குகிறது. வெள்ளி எடுப்பதற்காகப் பிலிமை விலைக்குப் போட்டவர்களும் உண்டு. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்று, 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் ஓய்ந்துவிட்டது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களையும் நெகட்டிவ்களையும் கணினியில் படியெடுத்துள்ளது. அப்பணியின் ஒரு சிறு பகுதியை நம் வீட்டிலும் செய்யலாம். அதற்குத் தட்டையான ஸ்கேனர் ஒன்று போதும். ஆனால் அதன் மூடியிலும் விளக்கு இருத்தல் வேண்டும். நெகட்டிவின் ஊடே ஒளி சென்றால்தான் உருவம் கிடைக்கும். அங்குலத்திற்கு 2400 புள்ளிகள் வீதம் பதிந்தால், 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு பிலிமிலிருந்து சுமார் 3400 புள்ளி அகலமுள்ள படம் கிடைக்கும். பெரிய ஸ்டூடியோ நெகட்டிவுக்கு 1200 புள்ளிகளே போதுமானவை.

தூசியே பெரும்பகை. நெகட்டிவில் படிந்த துகள் படத்தில் வெண்புள்ளியாகும். அகச்சிவப்புக் கதிரால் தூசியை இனங்கண்டு நீக்கும் வசதி சில ஸ்கேனர்களில் உண்டு. வண்ணப் பிலிமுக்கு உதவும் அவ்வசதி கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு உதவாது. உருவமாக அமைந்த வெள்ளியே அக்கதிரைத் தடுத்துவிடுகிறது. ஆகவே கரிசல் தூசியை ஊதுபந்தாலும் மென்தூரிகையாலும் பொறுமையாக நீக்க வேண்டும். நீர் விட்டுத் துடைத்தல் ஆகாது. தூசியோடு கலைஞரின் பென்சில் கோடும் போய்விடும், அதுவும் வரலாறே. விளிம்பை வெட்டாமல் முழுத் தகட்டையும் பதிய வேண்டும்.

படியெடுத்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று வீட்டுப் பெரியோரைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். ஸ்கேனர் முகத்தை மீட்டுத் தரும். பெயரை மீட்டுத் தராது. பெயர் அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்வது மாணவர்களின் கடமை. மூல நெகட்டிவையும் எறிந்துவிடாமல், காகித உறையிலிட்டுக் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் காப்போமாக.