கீழாநெல்லியும் ஆரோக்கியப்பச்சையும்: பழவேற்காட்டிலிருந்து ஒரு பார்வை

பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பம் போன்ற பட்டினவர் மீனவ ஊர்களில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இறால் விழும் இடங்களில் யார் என்றைக்கு வலை கட்டலாம் என்பதைத் தலைக்கட்டு வாரியாக முறைவைத்து முன்பே முடிவு செய்துவிடுவார்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து மருந்துக்கடைக்குப் போகும் கண்டுபிடிப்புகளை இந்த ஊர்களில் நின்று பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது: பங்கு எப்போது பேசப்பட்டது?

தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், காமாலைக்கு நம் வீடுகளில் அரைத்துக் கொடுக்கும் கீழாநெல்லியை ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் தங்கியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கும் அதில் பங்கேற்றார். 1988இல் ‘லான்செட்’ இதழ் முடிவை வெளியிட்டது. முப்பது நாள் மருந்து உண்டவர்களில் 59 விழுக்காட்டினரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களில் அது 4 விழுக்காடுதான். அதற்கு முந்தைய ஆண்டே புளும்பெர்க்கின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையம் கீழாநெல்லி இனச் சாற்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருந்தது. பிற நாட்டுச் சோதனைகளில் அதே பலன் கிடைக்காததால் மருந்து பெரிதாக எழவில்லை. எழுந்திருந்தாலும் பங்கு கேட்க ஆளில்லை. எல்லோருக்கும் தெரிந்த வைத்தியத்துக்கு எந்த ஊர் உரிமை கொண்டாடும்?

கேரளத்தின் பாலோட்டில் நடந்த கதை வேறு. 1987இல் அகத்தியமலையில் ஆய்வுக்குழுவுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடி மக்கள், ஒரு செடியின் காயைத் தின்றபடி களைப்பில்லாமல் ஏறினார்கள். குழுவினர் களைத்துப்போனார்கள். என்ன காய் என்று கேட்டபோது முதலில் தயங்கி, பிறகு ஆரோக்கியப்பச்சையைக் காட்டினார்கள். பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. முன்பணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு. இரண்டிலும் பாதி காணிகளுக்கு.

என் பார்வையில் பாலோடு நேர்மையான வழி. தகவல் சொன்னவரைத் தேடிப்போய்ப் பணம் கொடுத்த ஆய்வு நிறுவனங்கள் அன்று அரிது. ஆனாலும் காணிகளின் அறக்கட்டளை பதிவானது 1997இல். பணம் அவர்கள் கைக்கு வந்தது 1999இல். பங்கின் அளவைத் தீர்மானித்தபோது வாங்க வேண்டியவர்களுக்கு ஓர் அமைப்பே இல்லை. எல்லாக் காணிக் குடியிருப்புகளும் அறக்கட்டளைக்குள் வரவுமில்லை. காட்டிலிருந்து இலை எடுக்க வனத்துறை தடை சொன்னதால் வருமானமும் தடைப்பட்டது.

பழவேற்காட்டுக்கு இது தூரத்துச் சேதியல்ல. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான், ரத்தச் சிவப்பணுக்களை இழுத்து ஒட்டவைத்துக் காயத்தை அடைக்கும். அதில் செய்த கட்டுத்துணிகளை இந்திய நிறுவனமே விற்கிறது. நாளை ஒரு பல்கலைக்கழகம் ஏரிக்கு மாதிரி எடுக்க வந்தால், ஊர்ப் பஞ்சாயத்துக் கையெழுத்து மட்டும் போதாது. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் ‘பாடு’ முறைக்குள் இல்லை. எந்தச் சேற்றில் எது ஒளியும் என்பதை விரல் நுனியில் வைத்திருப்பவர்கள் அவர்கள். 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டம் உள்ளாட்சிதோறும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அந்தக் குழுவில் அவர்கள் உட்கார்ந்து, பங்கை எழுதி வாங்கிய பிறகே முதல் மாதிரி ஏரியைவிட்டுப் போக வேண்டும்.