தொழிலாளர் வழக்கறிஞர் சந்துருவும் கருணாபுரத்துக் கூலித் தொழிலாளர்களும்

2024 ஜூன் 18 அன்று, பள்ளிகளில் சாதி வன்முறையைத் தடுப்பது குறித்த ஒருநபர் குழுவின் அறிக்கையை ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு முதலமைச்சரிடம் அளித்தார். அன்று மாலை கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் விற்கப்பட்டது. 65-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் தினக்கூலிகள்; தலித்துகள் பலர். இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் தொழிலாளர் சட்டம் எவரைக் காக்கிறது, எவரைக் கைவிடுகிறது என்ற கேள்விக்குச் சந்துருவின் பணிவாழ்வை விடப் பொருத்தமான பாடம் எமக்குத் தெரியவில்லை.

1951-இல் பிறந்த அவர், இடதுசாரி மாணவர் இயக்கத்திலிருந்து சட்டத்துறைக்கு வந்தார். 1976-இல் வழக்கறிஞராகப் பதிவுசெய்து, ஏழைகளுக்காக வழக்காடிய ராவ் அண்டு ரெட்டி அலுவலகத்தில் பயின்றார். பின்னர் தனியாகத் தொழில் நடத்தி, மூத்த வழக்கறிஞராக உயர்ந்தார். பணிநீக்கம், ஊதியம், தொழிற்சங்க உரிமை ஆகியவையே அவரது அன்றாட வழக்குகள். மனித உரிமை வழக்குகளுக்குக் கட்டணம் பெறுவதில்லை.

1993-இல் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில், கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட ராஜாக்கண்ணு 'காணாமல் போனார்'. அவருடைய மனைவிக்காகச் சந்துரு ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். 'ஜெய்பீம்' படம் அக்குடும்பத்தை இருளராகக் காட்டியது. உண்மையில் அவர்கள் குறவர்கள்.

2006 ஜூலை 31 முதல் 2013 மார்ச் வரை சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. அக்காலத்தில் ஏறத்தாழ 96,000 வழக்குகளை முடித்தார் என்பதே எங்கும் பேசப்படுகிறது. எண்ணிக்கையைவிட உள்ளடக்கமே முக்கியம் என்போம் நாம். சத்துணவு மையப் பணி நியமனங்களில் இடஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும் என்ற தீர்ப்பு ஒரு வேலைவாய்ப்பு வழக்கு மட்டுமன்று: தலித் பெண் சமைத்ததை ஊர்ப் பிள்ளைகள் உண்ண வேண்டியதாயிற்று. தீண்டாமையைச் சமையற்கட்டிலேயே தொட்ட தீர்ப்பு அது. பெண் பூசாரியின் உரிமையையும் அவர் உறுதிசெய்தார். 'மை லார்டு' என அழைக்க வேண்டாம் என்றார். ஓய்வுபெற்ற நாளில் அரசு வாகனத்தை ஒப்படைத்துவிட்டு மின்சார ரயிலில் வீடு சென்றார்.

இனிக் கருணாபுரம். 1947-ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுகள் சட்டத்தின்படி வழக்காட, முதலில் 'இவர் என் முதலாளி' என மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மூட்டை தூக்குபவருக்கும் சித்தாளுக்கும் நியமன ஆணை ஏது, ஊதியச் சீட்டு ஏது? சந்துருவைப் போன்றோர் சங்கத் தொழிலாளருக்கு வென்றுதந்த பாதுகாப்பு இவர்களை எட்டவில்லை. ஓரளவு எட்டுவது 1982-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழிவந்த நலவாரியங்களே; அவற்றில் பதிவுசெய்ய நிலையான முதலாளி தேவையில்லை.

சாராயச் சாவுகளை விசாரிக்க நீதிபதி பி.கோகுல்தாஸ் ஆணையம் அமைக்கப்பட்டது. குற்ற வழக்கை 2024 நவம்பர் 20 அன்று உயர் நீதிமன்றம் சிபிஐ-க்கு மாற்றியது. இரண்டும் சாராயம் எங்கிருந்து வந்தது என்பதை விசாரிப்பவை. அதை அருந்தியோர் என்ன வேலை செய்தனர், என்ன கூலி பெற்றனர், எத்தனை பேர் வாரியத்தில் பதிவு பெற்றிருந்தனர் என்பதை வீடுவீடாகச் சென்று பதிவு செய்யும் வேலையைச் சட்ட மாணவர்கள் தொடங்கலாம்; அதற்கு வழக்கறிஞர் உரிமம் தேவையில்லை.