முத்திரை எதை அளக்கிறது?

அரசாங்க முத்திரை குத்தின சாமானைக் கண்டா "அப்ப நல்லதுதான்" எண்டு நம்பிவிடுறம். அந்த "நல்லது" எண்ட சொல்லுக்கு யார், எப்ப, என்ன அர்த்தம் குடுத்தவை எண்டு கேக்கிறது குறைவு. அதைக் கேட்டுப் பார்க்க அமெரிக்க மாட்டிறைச்சியின் வரலாறு நல்லதொரு உதாரணம்.

அங்கே இறைச்சியில் இரண்டு முத்திரைகள் இருக்கலாம். வட்டமானது பரிசோதனை முத்திரை. கேடயம் மாதிரி இருக்கிறது தர முத்திரை. இரண்டையும் குழப்பக்கூடாது, இரண்டும் வேறு வேறு தேவைகளில் பிறந்தவை.

பரிசோதனையின் கதை 1906இல் சூடுபிடிக்கிறது. சிக்காகோ இறைச்சித் தொழிற்சாலைகளைப் பற்றி அப்டன் சின்கிளேயர் எழுதிய 'த ஜங்கிள்' நாவல் அந்த வருசம் வெளிவந்தது. அவர் காட்ட நினைத்தது தொழிலாளரின் துயரத்தை. வாசகருக்கோ தங்கட சாப்பாட்டுக் கோப்பைதான் முதலில் கண்ணில பட்டது. அதே வருசம் யூன் 30ஆம் திகதி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலம் தாண்டி விற்கிற இறைச்சிக்குப் பரிசோதனை கட்டாயமானது.

தர முத்திரையின் கதை வேறு. முதலாம் உலகப் போருக்குப் பிறகு பண்ணை விலைகள் விழுந்தன. சோளம் போட்டுக் கொழுக்க வைத்த உயர் இன மாடுகளை வளர்த்தவர்கள், தங்கட இறைச்சியைத் தனியாக அடையாளம் காட்ட வேணும் எண்டு நெருக்கினார்கள். 1926இல் விவசாயத் திணைக்களத்தின் தர அளவுகள் அதிகாரபூர்வமாயின. 1927இல் முத்திரை குத்துவது பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. இது கட்டாயமில்லை. விரும்பிய கம்பனி காசு கட்டித் தரம் போடுவிக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விலைக் கட்டுப்பாட்டுக்காக மட்டும் கொஞ்சக் காலம் கட்டாயமாக்கினார்கள்.

அப்படியெண்டா தரம் எதை அளக்குது? மாட்டின் வயதையும், தசைக்குள்ளே வெள்ளை நரம்பு மாதிரி ஓடுகிற கொழுப்பையும். 12ஆம் 13ஆம் விலா எலும்புகளுக்கு இடையில் வெட்டிப் பார்ப்பார்கள். இளம் மாடு, நிறையக் கொழுப்பு எண்டா 'பிரைம்'. அடுத்தது 'சொய்ஸ்', பிறகு 'செலக்ட்'. மென்மை, சாறு, ருசி எப்படியிருக்கும் எண்ட ஊகம்தான் இது. உடம்புக்கு நல்லதா, அந்த மாடு எப்படி வாழ்ந்தது எண்டதுக்கெல்லாம் இந்த முத்திரையில் பதில் இல்லை. தரம் குறைந்த இறைச்சியும் அதே பரிசோதனையைத் தாண்டித்தான் வருகிறது.

பெயர்களைப் பாருங்கோ, இன்னும் சுவாரசியம். 1950இல் பழைய 'பிரைம்', 'சொய்ஸ்' இரண்டையும் சேர்த்து 'பிரைம்' ஆக்கினார்கள். அதுவரை 'குட்' எண்டு இருந்தது 'சொய்ஸ்' ஆனது. மாடு மாறேல்லை, பெயர்தான் ஒரு படி ஏறினது. 1987இல் அப்போதிருந்த 'குட்' தரத்துக்கு 'செலக்ட்' எண்டு பெயர் வைத்தார்கள். கொழுப்புக்குப் பயந்த காலம் அது. கொழுப்புக் குறைந்த இறைச்சிக்குக் கவர்ச்சியான பெயர் தேவைப்பட்டது.

முட்டைக்கும் இதே கணக்குத்தான். ஏஏ, ஏ, பி எண்ட அமெரிக்கத் தரங்கள் ஓட்டின் நிலை, உள்ளிருக்கும் காற்றறை, வெள்ளைக்கருவின் இறுக்கம், மஞ்சள்கரு ஆகியவற்றைப் பார்க்கின்றன. சத்தை அளப்பதில்லை. முட்டையின் பருமனுக்குக்கூட வேறு வகைப்பாடு.

இதுக்காகத் தரப்படுத்தல் ஏமாற்று எண்டு சொல்லேலாது. ஒரே சொல்லுக்கு நாடு முழுக்க ஒரே அர்த்தம் இருந்தா, தூரத்தில் இருந்து வாங்குகிறவருக்கும் சின்னப் பண்ணைக்காரருக்கும் அது பாதுகாப்பு. ஆனா அளவுகோலை வானத்தில இருந்து யாரும் இறக்கேல்லை. விற்க வேண்டியவர்களின் தேவையும் காலத்தின் ருசியும் சேர்ந்துதான் அதைச் செய்தன. கொழுப்பைத் தரம் எண்டு அரசு எழுதினதும், மாட்டைக் கொழுக்க வைக்கிறதுக்குத்தான் கூடின காசு கிடைத்தது.

ஆகவே முத்திரையைக் கண்டா இரண்டு கேள்வி கேளுங்கோ: இது எதை அளந்தது? அளக்கச் சொல்லிக் கேட்டது யார்?